பல்கனியில் மில்க்வீட்: கொழும்பு மழைக்குள் ஒரு சாடியைக் காப்பாற்றுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி, நான்காம் மாடி, மேற்குப் பார்த்த பல்கனி. கன்று விற்கும் இடமொன்றில் 'வண்ணத்துப்பூச்சிச் செடி' என்று சொல்லித் தந்த, கிள்ளினால் பால் வடியும் மில்க்வீட், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறது. இப்போது கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன, குருத்தில் மஞ்சள் பூச்சி மொய்க்கிறது, போதாக்குறைக்குக் கோடு போட்ட புழுக்கள் வந்து மிச்ச இலையைத் தின்கின்றன. இணையத்தில் பார்த்தால் ஒக்டோபரில் அடியோடு வெட்டச் சொல்கிறார்கள். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருப்பதால் விஷப் பயம் வேறு. தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போனால் செடியை என்ன செய்வது?

முதலில் அந்த ஒக்டோபர் வெட்டை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. மில்க்வீட் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக எழுதியது. அங்கே மொனார்க் என்ற வண்ணத்துப்பூச்சி குளிருக்குப் பயந்து மெக்சிக்கோவுக்கும் கலிபோர்னியக் கரைக்கும் இடம்பெயரும். அவர்களுடைய நாட்டு மில்க்வீட் வகைகள் குளிரில் தாமாகவே பட்டுப்போகும். உங்கள் சாடியில் இருக்கும் வெப்பவலய வகை (அஸ்க்லேபியாஸ் குராசாவிகா) பட்டுப்போகாது. தென் மாநிலங்களில் குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும். அதனால் மொனார்க்குகள் போகாமல் தங்கிவிடுகின்றன, ஒருவகை நுண்ணுயிர் ஒட்டுண்ணியும் அதே இலைகளில் சேர்ந்துகொண்டே போகிறது. அங்கே வெட்டச் சொல்வது இதற்காகத்தான். கொழும்பில் மொனார்க்கும் இல்லை, குளிர்காலமும் இல்லை. இங்கே ஒக்டோபர் நவம்பர் என்றால் பெருமழைக் காலம். சோர்ந்து நிற்கும் செடியை அந்த நேரத்தில் அடியோடு வெட்டி ஈரமண்ணில் விட்டால் தண்டு அழுகத்தான் வழி. வெட்ட வேண்டும், ஆனால் எப்போது என்பதை உங்கள் செடியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: வெளிநாட்டு மில்க்வீட் விதைகளைத் தபாலில் எடுப்பிக்க ஆசைப்படாதீர்கள். அவற்றில் பல வகைகள் சில வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி விதை இறக்குமதிக்கு அனுமதியும் வேண்டும். நமக்குத் தேவையானது இங்கேயே இருக்கிறது. உங்களிடம் உள்ள செடி வெப்பவலய அமெரிக்காவிலிருந்து வந்து இலங்கையிலும் வேரூன்றிவிட்ட ஒன்று. அதோடு அதே குடும்பத்தைச் சேர்ந்த நம்மூர் எருக்கலை இருக்கவே இருக்கிறது.

சரி, மஞ்சள் இலை. கொழும்பில் சாடி மில்க்வீட் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, ஈரத்தால். இந்த நகரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஏப்ரல் முதல் ஜூன் வரையும் ஒக்டோபர், நவம்பரிலும். மழையே நனைத்துவிட்டுப் போன சாடிக்கு நாமும் பழக்கதோஷத்தில் காலையில் ஒரு கோப்பை ஊற்றுகிறோம். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்து இலை மஞ்சளாகிறது என்றால் தண்ணீர் கூடிவிட்டது. மண் காய்ந்து, இலை ஓரம் முறுகி, மொறுமொறுவென்று விழுந்தால் தாகம். புது இலையே வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் சத்துக் குறைவு, அல்லது வேர் சத்தை எடுக்க முடியாத நிலை. ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் இலையில் ஊசி குத்தியதுபோல் பொட்டுப்பொட்டாக மஞ்சள் விழுந்து அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிற்றுண்ணி. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவினால் போதும். அடித்தண்டில் இருக்கும் வயதான இலைகள் ஒன்றிரண்டு உதிர்வது எல்லாச் செடிக்கும் உள்ளது, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஈரம்தான் காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கீழ் இலைகளில் தொடங்கியிருக்கிறது, சாடிக்கு அடியில் தட்டு வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். அந்தத் தட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும். கொழும்பில் வீடு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் எட்டிப் பார்ப்பதே இப்படியான தட்டுகளைத்தான். நுளம்புக் குடம்பி இருந்தால் வழக்குவரை போகலாம். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கீழே நனையக் கூடாது என்றால் தட்டில் மணலை நிரப்பி அதன்மேல் வைக்கலாம், தண்ணீர் மேலே தேங்காத அளவுக்கு.

பிறகு செடியைச் சாடியோடு சரித்துக் கழற்றி வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ உறுதியாக இருந்தால் நல்லது, திரும்ப வைத்துவிடலாம். பழுப்பாகி, நசுக்கினால் தோல் கழன்று, நாற்றம் வந்தால் அந்தப் பகுதியைக் கத்தரித்துவிட்டுப் புதுமண்ணில் நடுங்கள், மேலே கிளைகளையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். குறைந்த வேரால் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. வெட்டிய கிளைகளை எறிய வேண்டாம். நுனியிலிருந்து நான்கைந்து அங்குல நீளத்தில், ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு வாரமளவில் வேர் விடும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், நுளம்பை மறக்கக் கூடாது. தாய்ச்செடி போனாலும் பிள்ளைகள் இருக்கும்.

மண்ணைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. தோட்டமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கொம்போஸ்ட் ஒரு பங்கு. கடைகளில் கிடைக்கும் சாடிக் கலவைகள் சிலவற்றில் தென்னந்தும்புத் தூள்தான் முக்கால்வாசி இருக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் அது நல்ல சாமான். கொழும்பு மழையில் நாட்கணக்காக ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே மணலைக் கூட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு அங்குல வாயுள்ள மண்சாடி இந்தச் செடிக்குப் போதும். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி மேற்கு வெயிலில் சுடும். அதுதான் இருக்கிறதென்றால் ஒரு வெள்ளைச் சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

வெயில் குறைந்தது ஐந்தாறு மணித்தியாலம் வேண்டும். உங்கள் மேற்குப் பல்கனிக்குப் பிற்பகல் வெயில் தாராளமாக வரும், அதில் குறையில்லை. கவனிக்க வேண்டியது மே மாதத்திலிருந்து அடிக்கும் தென்மேற்குக் காற்று. அது கடலுப்பையும் கொண்டுவரும். இலை ஓரம் கருகினால் உரக்குறை என்று நினைத்து உரம் போடாதீர்கள். நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவி, சாடியைக் கைப்பிடிச் சுவரின் மறைவுக்கு இறக்கி வையுங்கள். உயர்ந்த கிளைகளுக்கு ஒரு குச்சி கட்டினால் முறியாது.

உரம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி கொம்போஸ்ட். அல்பேர்ட் கரைசல் (தண்ணீரில் கரைக்கும் இரசாயன உரம்) வைத்திருப்பவர்கள் அதை எல்லாவற்றுக்கும் தெளித்துவிடுவார்கள். மில்க்வீட்டுக்கு அது தேவைப்படுவதில்லை. நைதரசன் கூடினால் குருத்து இளசாக, சாறு மிகுந்து வரும், அதைத்தான் உங்கள் அடுத்த கேள்வியில் வரும் பூச்சிகள் எதிர்பார்த்திருக்கின்றன.

அந்த மஞ்சள் பூச்சி அழுக்கணவன், இந்தியப் புத்தகங்களில் அசுவினி என்று இருக்கும். உடம்பு பளிச்சென்ற மஞ்சள், கால்கள் கறுப்பு. அலரியிலும் எருக்கலையிலும் இதே பூச்சிதான். பெண்ணே பெண்ணைக் குட்டி போடும், ஆண் தேவையில்லை, ஆகவே பத்து நாள் பார்க்காமல் விட்டால் தண்டே மஞ்சளாகிவிடும். ஆனாலும் ஆரோக்கியமான செடியை இது கொல்வது அரிது. குருத்தைச் சுருட்டும், கீழே பிசுபிசுப்பு வடியும், அதில் கரும்பூசணம் படியும், அந்த இனிப்புக்கு எறும்பு வரும். எறும்பு வந்தால் பூச்சியை உண்ணும் புள்ளிவண்டுகளை அண்டவிடாது, அதனால் எறும்பு ஏறும் வழியைத் துண்டிப்பதே பாதி வேலை: சாடி சுவரைத் தொடக் கூடாது, கிளை கைப்பிடிக் கம்பியைத் தொடக் கூடாது.

மீதிப் பாதிக்குத் தண்ணீரும் விரலும் போதும். கையுறை போட்டு, குருத்தை இரு விரலுக்கிடையில் மெல்ல வழித்துவிட்டு, பிறகு தண்ணீரைப் பீச்சிக் கழுவுங்கள். காலையில் செய்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். மூன்று நாள் விட்டு மறுபடி. கழுவுமுன் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், வெள்ளைப் பொட்டாக ஒற்றை ஒற்றையாக வண்ணத்துப்பூச்சி முட்டை இருக்கலாம். பூச்சிகளுக்குள் சில பழுப்பாக ஊதிப்போய் அசையாமல் ஒட்டியிருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். சின்னக் குளவி ஒன்று உள்ளே முட்டையிட்டிருக்கிறது, அது உங்கள் தரப்பு ஆள்.

சவர்க்காரத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் அடிக்கலாமா என்றால், புழு வேண்டாம் என்று முடிவெடுத்தால் மட்டும். 'இயற்கை மருந்து' என்று பெயர் இருப்பதால் வேப்பெண்ணெய் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அழுக்கணவனைக் கொல்வது புழுவையும் கொல்லும்.

இப்போது அந்தப் புழுக்கள். இந்தப் பதிலில் எனக்கு அதிகம் சொல்ல ஆசையுள்ள இடம் இதுதான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள், முதுகில் மூன்று சோடி மெல்லிய கறுப்புக் கொம்புகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிளெய்ன் டைகர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. தமிழ்நாட்டில் வெந்தய வரியன் என்பார்கள். மொனார்க் புழுவுக்கு இரண்டு சோடிதான், அதனால் இணையத்துப் படத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பார்த்தவுடன் 'மயிர்க்கொட்டி' என்று பக்கத்து வீட்டு அக்கா அலறியிருக்கிறார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. முருங்கையில் வருவது அப்படி அரிக்கும். இதற்கு மயிரே இல்லை, கையில் ஏறினாலும் அரிக்காது.

புழு இலையைத் தின்பதைச் செடிக்கு வந்த நோயாக எடுக்கக் கூடாது. 'வண்ணத்துப்பூச்சிச் செடி' என்று கேட்டு வாங்கியதே இதற்குத்தானே. இந்தச் செடியின் பால் வேறு பெரும்பாலான பூச்சிகளுக்கு ஆகாது. இந்தப் புழு அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துவைத்து, பிறகு வண்ணத்துப்பூச்சியான பின்பும் பறவைகளுக்குக் கசக்கும். அதன் செம்மஞ்சள் நிறமே ஓர் எச்சரிக்கை. விஷமே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சி இனத்தின் பெண், இதன் நிறத்தை அப்படியே போட்டுக்கொண்டு தப்பிப் பிழைக்கிறது. உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: பெரிய புழு இலையைத் தின்னுமுன் நடுநரம்பைக் கடித்துப் பாலை வடியவிடும், பிறகு அதற்கு அப்பால் தின்னும். பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி கிடைக்காது, எட்ட நின்று.

முட்டை மூன்று நான்கு நாளில் பொரிக்கும். புழுவாக ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுப்புழுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை. சிக்கல் எங்கே என்றால், புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கைக் கடைசி நான்கைந்து நாளில் தின்கிறது. சின்னதாக ஏழெட்டு இருக்கும்போது 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தோன்றும். திடீரென்று ஒரு காலை வெறும் தண்டு நிற்கும். ஒரு சாடி நன்றாக இருந்தால் இரண்டு மூன்று புழுவைத் தாங்கும். மிச்சத்துக்கு எருக்கலை இலை கொடுக்கலாம், பறித்துக் கழுவித் துடைத்து, வீதியோரத் தூசு இல்லாமல். கறிவேப்பிலை, தேசிக்காய் இலையெல்லாம் வேறு இனத்துப் புழுக்களுக்கு. இவை பட்டினி கிடந்தாலும் அதைத் தொடாது. நீண்டகால வழி என்றால், நான் மேலே சொன்னபடி வேர்விட்ட கிளைத்துண்டுகளை வளர்த்து மூன்று சாடியாக்குங்கள். ஒன்று தின்னக் கொடுத்தது, ஒன்று தளிர்ப்பது, ஒன்று பூப்பது.

மொட்டையான செடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்டு பச்சையாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் கணுக்களில் தளிர் வரும். அந்த நாட்களில் தண்ணீரைக் குறையுங்கள். இலையில்லாத செடி தண்ணீரை இழுக்காது. இரக்கப்பட்டுக் கூட ஊற்றுபவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். நீங்கள் கேட்ட வெட்டுக்கும் இதுதான் நேரம்: புழுக்கள் தின்று முடித்து மழை ஓய்ந்திருக்கும்போது, தண்டை ஓர் அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் நான்கு பக்கமும் கிளைத்து வரும். ஆண்டுக்கு இரண்டு முறை போதும். இரண்டு மூன்று ஆண்டில் அடித்தண்டு மரமாகித் தளிர் குறைந்தால் கிளைத்துண்டிலிருந்து புதிதாகத் தொடங்குவது லேசு.

புழுக்கள் வந்தவுடன் சுருண்டு செத்து விழுந்தால் செடியில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது. விற்பனைக்கு வைக்குமுன் சில இடங்களில் செடியின் சாற்றோடு கலக்கும் பூச்சிமருந்து போடுவதுண்டு, கழுவினால் போகாது. இலைகளை வெட்டி அகற்றி, இரண்டு தடவை புதுத்தளிர் வரும்வரை புழுக்களை அதில் விடாதீர்கள். டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவித்தால் சாடியை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள், அந்தப் புகைக்கு நுளம்பு எது, புழு எது என்று தெரியாது. கூட்டுப்புழுவிலிருந்து வெள்ளை நூல் தொங்கினால் ஒரு வகை ஈ உள்ளே வளர்ந்து வெளியேறியிருக்கிறது. அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பிள்ளையின் விஷயம் விளையாட்டல்ல. பால், இலை, பூ, காய் எல்லாவற்றிலும் இதயத்தைப் பாதிக்கும் பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தி வரும், கூடினால் ஆபத்து. அதைவிட நடக்க வாய்ப்புள்ளது, பால் பட்ட கையால் கண்ணைக் கசக்குவது. எருக்கலைப் பாலும் இதுவும் கண்மணியின் முன்தோலைப் பாதிக்கும்; முதலில் பெரிதாக வலிக்காமல், சில மணித்தியாலத்தில் பார்வை மங்கலாம். வலி இல்லையே என்று இருந்துவிடாமல் ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்தச் செடியின் பால் என்றும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் பல்கனிக் கம்பிக்கு வெளியே தொங்காமல் வையுங்கள். பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய கதிரை இருக்கக் கூடாது. கீரைச் சாடிகளுக்கு நடுவே இதை வைக்காதீர்கள், சமையலுக்குப் பறிப்பவர் எப்போதும் நீங்களாக இருக்க மாட்டீர்கள். அந்த ஒழுங்கு முடியாது என்றால் பிள்ளைக்கு ஐந்தாறு வயதாகும்வரை செடியை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவது நல்லது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள்தான்.

மொட்டைமாடி கிடைத்தால் எருக்கலையையும் யோசித்துப் பாருங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் சின்னச் சாடியில் குறுகிப்போகும், வெட்டிய டிரம் போன்ற ஆழமான ஒன்று வேண்டும். மற்றப்படி வெயிலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம், தண்ணீர் கேட்காது. வெள்ளெருக்கு என்றால் வீட்டில் பெரியவர்கள் பிள்ளையாருக்கு மாலை கட்டவும் ஆகும், மொட்டைமாடியில் இடம் கேட்பதற்கு அதுவே நல்ல காரணம்.

காய் விஷயத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். பூ முடிந்ததும் கூரான நீளக் காய் வரும், முற்றினால் வெடித்துப் பஞ்சோடு விதை பறக்கும். இது இந்த நாட்டுக்கு வந்தேறிய செடி. நான்காம் மாடியிலிருந்து வெள்ளவத்தை முழுக்க விதைக்கத் தேவையில்லை. விதை வேண்டுமானால் ஒரு காயில் மெல்லிய துணிப்பை கட்டிவிட்டு மற்றதைப் பச்சையாகவே கிள்ளிவிடுங்கள்.

கடைசியாகப் பொங்கல் பயணம். ஜனவரியில் கொழும்பு காய்ந்துகிடக்கும், ஒரு வாரம் தண்ணீரில்லாமல் மேற்கு வெயிலில் சாடி நின்றால் வாடிவிடும். புறப்படும் நாளுக்கு முதல்நாள் துளைவழி வடியும்வரை ஊற்றி, பூவையும் மொட்டையும் கிள்ளி, சாடியைப் பிற்பகல் வெயில் நேரே படாத இடத்துக்கு நகர்த்தி, மண்மேல் தென்னந்தும்பை ஓர் அங்குலத்துக்குப் பரப்புங்கள். தும்பு நல்லது செய்வது இந்தக் காலத்தில்தான். ஏழெட்டு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் திறப்பைக் கொடுத்து, மூன்று நாளுக்கு ஒரு கோப்பை, மண் ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். புழுக்கள் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்து அடித்து உதவி செய்துவிடப் போகிறார்.